மணிக்கயிறு

இந்த வருஷம் நள்ளிரவுப் பூசை
மத்தியானம் மூன்று மணிக்கு.
ஊரடங்கு என்றால் வானத்துக்கும்தானே
என்று சாமியார் சிரிக்கப் பார்த்தார்.
யாரும் சிரிக்கவில்லை.
வெயிலில் பிறந்த பாலனை
வரிசையில் போய் முத்தமிட்டுவிட்டு
இருட்டுமுன் வீடு திரும்பினோம்.

நாற்பத்தேழாம் தெருவில் நாலாம் மாடி எங்களுக்கு.
பால்கனியிலிருந்து தெருவரை
ஒரு கயிறு தொங்கும்.
மேலே மணி, கீழே ஒரு கிளிப்.
ரங்கூனில் மாடி வீடுகளுக்கெல்லாம் உண்டு இது.
தெரிந்தவர்கள் கீழே நின்று இழுப்பார்கள்;
பேப்பரோ, கீரைக்கட்டோ, கல்யாணப் பத்திரிகையோ
கயிற்றில் ஏறி வரும்.
தெரியாதவர்கள்தான்
படியேறி வந்து கதவைத் தட்டுவது.

என் மகன் இஞ்ஞாசிக்கு இருபத்திரண்டு.
பள்ளிக்கூடப் பதிவில் ஸோ மின்.
எந்தப் பெயர்
அவர்கள் பானைக்குள் கிடக்கிறதோ தெரியாது.
குடவோலை என்று படித்திருக்கிறேன்,
ஊருக்கு நல்லவனைத் தேட
குடத்தில் சீட்டுப் போட்டார்களாம்.
இங்கே சீட்டு எடுப்பது
துப்பாக்கி பிடிக்க.

ஐப்பசியிலிருந்து அவன்
ஷூவோடுதான் தூங்குகிறான்.
தலைமாட்டில் பை,
பின்பக்க இரும்புப் படிக்குப் போகும் ஜன்னலில்
கொக்கி போடாமல்.
போர்வை போர்த்தினால்
அந்த இரண்டு ஷூவும்
வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.
வீட்டுக்குள்ளேயே ஒரு பிரயாணி.

"நட்சத்திரம் கட்ட வேண்டாம்" என்றார் அவன் அப்பா.
"வெளிச்சம் போட்டுக் காட்டணுமா
இங்கே ஒரு வீடு இருக்கிறது என்று?"
சேசுராசு பயந்தாங்கொள்ளி இல்லை.
துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை எண்ணியவர்.
இப்போது ஜெபமாலையில்
பத்து மணி தாண்டுவதற்குள் கணக்குத் தவறுகிறது.

நான் கட்டினேன்.
மூங்கில் சிம்பு, சிவப்புக் கண்ணாடித்தாள், உள்ளே ஒரு பல்பு.
வேறு ஆணி இல்லை, மணிக்கயிற்றிலேயே.
கரண்ட் இல்லை.
எட்டு மணி நேரம் போகும், நாலு மணி நேரம் வரும்,
சில நாள் அதுவும் மறந்துவிடும்.
சுவிட்சைப் போட்டே வைத்தேன்.

துணிச்சல் என்று நினைக்காதீர்கள்.
எனக்கும் வயிற்றில் ஈரத்துணி பிழிகிற மாதிரிதான்.
ஆனால் சாயங்காலம் மாவு பிசைகையில் தோன்றியது:
வானதூதர்கள் வந்த இடமெல்லாம்
முதல் பேச்சே பயப்படாதே என்றால்,
அவர்கள் வருமுன்பே அங்கே
பயம் வந்து உட்கார்ந்திருந்தது என்றுதானே அர்த்தம்?
பயம் இல்லாத வீட்டில்
அவர்களுக்கு என்ன வேலை.
அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களும்
ராஜா எடுத்த கணக்கெடுப்புக்குப்
பெயர் கொடுக்கப் போனவர்கள்தாம்.

ஒரு மணி இருக்கும்.
மணி அடித்தது.

இஞ்ஞாசியின் ஒரு கால்
அதற்குள் ஜன்னலுக்கு வெளியே.
அவன் அப்பா கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்,
ஐம்பது கிலோ மனுஷர், யாரைத் தடுக்கப் போகிறாரோ.
நான் பால்கனிக்குத் தவழ்ந்து போனேன்.
கீழே யாருமில்லை.
ஆற்றுப்பக்கமிருந்து காற்று.
நட்சத்திரம் ஆடி ஆடிக்
கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

தெரிந்தவர்கள்தான் கயிற்றை இழுப்பார்கள்
என்று சொன்னேன் இல்லையா.

சிரிப்பா அழுகையா, ஏதோ ஒன்று
தொண்டையில் நிற்கும்போதே
கரண்ட் வந்தது.

எங்கள் சிவப்பு.
எதிர்ப்பக்கம் மூன்றாம் மாடியில் ஒரு நீலம்.
டயர்க் கடைக்கு மேலே பச்சை, ஒரு முனை ஒடிந்தது.
தெருக்கோடியில், ஆளே இல்லை என்று நினைத்திருந்த வீட்டில்
ஒரு மஞ்சள்.
பதினொன்று எண்ணினேன்.
இருட்டில் கட்டித் தொங்கவிட்டு,
ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல்,
எல்லாரும்
சுவிட்சைப் போட்டே வைத்திருக்கிறார்கள்.

இரண்டரைக்குத் திரும்பவும் போய்விட்டது.
பானையில் சீட்டு அப்படியேதான் கிடக்கும்.
நாளைக்கு என்ன என்று
என்னிடம் கேட்காதீர்கள்.

இஞ்ஞாசி கட்டிலில் உட்கார்ந்து
நாடாவை அவிழ்த்தான்.
வெகுநேரம் யோசித்தான்.
ஒரு ஷூவைக் கழற்றிக்
கட்டிலுக்கடியில் வைத்தான்.

மற்றது காலிலேயே இருந்தது.
போர்வையை இழுத்து
வெறும் பாதத்தை மூடினேன்.
சில்லென்று இருந்தது, பிறந்த பிள்ளையுடையது போல.